நீங்கள் சொன்ன பதில்கள்

அன்னக்கொடி அப்பாவுக்கு,

மில்லிலிருந்து வந்ததும் சாப்பிடுங்கள். கம்பங்கூழ் பானையில் இருக்கிறது. பிள்ளை பக்கத்து வீட்டில் விளையாடுகிறாள். நான் சோலையம்மாள் மதினியோடு பெண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன வாரம் பார்த்த டாக்டர் என்னைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் நீங்களே பதில் சொன்னீர்கள். "தூங்குதா?" என்றார். "நல்லாத் தூங்குதுங்க" என்றீர்கள். குறட்டை விடுகிறவருக்கு நான் தூங்குவது எப்படித் தெரியும்? நான் வாயைத் திறக்குமுன், "பொம்பளைக்கு வேலை கொறஞ்சா இப்படித்தான்" என்று மருந்துச் சீட்டை நீட்டிவிட்டார். நீங்கள் சொன்னபடி முந்தானையைக் கழுத்தோடு போர்த்தி உட்கார்ந்திருந்தேன். கழுத்து வீக்கத்தை அவர் பார்க்கவே இல்லை.

இன்று முந்தானையை விலக்கிக் காட்டுவேன். நெஞ்சு படபடப்பதையும் கை நடுங்குவதையும் நானே சொல்வேன்.

முத்துத்தாய்

கூழைக் கரைக்க மோர் உறியில் இருக்கிறது. உப்புப் போட்டுவிட்டேன், மறுபடியும் போடாதீர்கள்.

இன்னொன்று. இன்று விடிகாலையில், நான் தூங்குவதாக நினைத்து என் கழுத்து வீக்கத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தீர்கள். நான் விழித்துத்தான் இருந்தேன். அந்த டாக்டருக்குத் தோன்றாதது உங்கள் கைக்குத் தோன்றியது. பாதிக் கோபம் அப்போதே போய்விட்டது.