ஆற்றுச்சாமி படத்தில் உன் பெயர்

ஒரத்தநாடு,
11-9-2013

அன்பு மகள் பிரகதாம்பாளுக்கு அம்மா எழுதுவது. புன்னைநல்லூர் மாரியம்மன் கண்பார்வையில் நாங்கள் இருவரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். மேட்டூரில் திறந்த தண்ணீர் நம் வாய்க்கால் வரை வந்துவிட்டது, போன வருஷம் போல சம்பா கருகாது. எரிவாயு எடுக்க நிலம் கேட்டவர்கள் இன்னும் வந்து போகிறார்கள். வித்துட்டு எங்கூட வந்துடுங்க என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பா உன்னோடு பேசவில்லை, வருஷம் ஒன்றரை ஆகிறது. கூலிக்கு நடவு நட்ட அவங்க ஆத்தா வயிற்றைக் கட்டி வாங்கின நிலம், அந்தக் கோபம்.

சரி, படத்துக்கு வருகிறேன். நீ கம்ப்யூட்டரில் தண்ணீர் செய்து கொடுத்த படம் தமிழ் பேசிக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்துவிட்டது. விதைநெல் வாங்கப் போன அப்பாவோடு நானும் கிளம்பி, தியேட்டர் வாசலில்தான் விஷயத்தைச் சொன்னேன். முறைத்தார், ஆனால் வெயில் தாங்காமல் உள்ளே வந்துவிட்டார். கிரேக்க தேசத்துச் சாமிகளை வைத்து எழுதின கதைப் புத்தகங்களிலிருந்து எடுத்த படமாம், அந்தச் சாமிகளுக்கும் கோபதாபம், பங்காளிச் சண்டை எல்லாம் இருக்கிறது. ஆற்றுச்சாமி எழுந்து நின்றபோது நான் செருப்பைக் கழற்றிவிட்டேன், பக்கத்து சீட்டுப் பெண் சிரித்தாள், சிரிக்கட்டும், எந்த ஊர்ச் சாமியானாலும் சாமிதானே. அந்தச் சாமிக்கு மனுஷியிடம் பிறந்த ஒரு மகள், வறண்ட ஆற்றை மீட்கப் பாதாளம் வரை போகிறாள், சாமி அவளுக்கு முகமே காட்டவில்லை. அப்பா என் காதருகே, இவரு என்ன சாமி, பெத்த பொண்ணு இந்தப் பாடு படுது, ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்திருக்காரே என்றார். நான் திரும்பி அவரையே பார்த்தேன்.

பிறகு அந்தத் தண்ணீர் வந்தது பிரகதா. வெடித்த மண்ணில் நூல் மாதிரி ஓடி, வெடிப்புக்குள் இறங்கி, நுரையும் சருகுமாகத் திரும்ப எழும்பி, அதற்கு முன்னால் எறும்புகள் ஓட, கடைமடைக்கு முதல் தண்ணீர் வருகிற மாதிரியே. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அப்பா சீட்டு நுனிக்கு வந்து, நம்ம வாய்க்கால்ல பார்த்ததுதானே இது, எறும்பைக்கூட விடலையே இவ என்றார். அவர் வாயால் உன்னைப் பற்றிக் கேட்டு எத்தனை நாளாச்சு.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டுத் திரையை அணைத்துவிட்டார்கள், இங்கே எப்போதும் அப்படித்தான். நான் திகைத்து நிற்க, அப்பா விறுவிறுவென்று ஆபரேட்டர் அறைக்குப் போய்விட்டார். அங்கே யூனுஸ் என்று ஒருவர், பேரையெல்லாம் யாருங்க பார்க்குறா, அடுத்த ஷோவுக்கு ஆள் நிக்குது என்றிருக்கிறார். அந்தத் தண்ணியைச் செஞ்சது எம்பொண்ணுங்க, அவ பேரைப் பார்க்காம போகமாட்டேன் என்று அப்பா கதவை மறித்து நின்றாராம். சரிங்கய்யா போய் உட்காருங்க, பேரு வந்ததும் கை தட்டுங்க, நிறுத்திக்கிறேன் என்று அவர் மறுபடி ஓடவிட்டார். காலித் தியேட்டரில் நாங்கள் இருவரும் கூட்டுகிற அம்மாவும்தான். உன் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்து நானே பழகின இங்கிலீஷ் எழுத்து அன்றைக்குத்தான் உதவியது. ஆயிரம் பெயர் ஏறிப்போனது, ஒன்றைக் கூட்டிப் படிப்பதற்குள் இன்னொன்று. கடைசியில் பிடித்துவிட்டேன், பிரகதாம்பாள் செல்லதுரை. சத்தமாகப் படித்தேன். எம்பேரு எப்படி அங்க வந்துச்சு என்றார் அப்பா. அவ பேருக்குப் பின்னாடி வேற யாரு பேரைப் போடுவா என்றேன். கை தட்டவே மறந்துவிட்டோம், பெயரெல்லாம் ஓடித் தீர்ந்தது.

ஊர் வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்பா, அவ ஊர்ல இப்ப மணி என்ன இருக்கும் என்று கேட்டார். பேசுங்களேன் என்றேன். வெறும் வாயோட என்னத்தைப் பேசுறது, நாத்து பச்சை காட்டட்டும் என்றார். இன்று காலையில் விதை விட்டாகிவிட்டது. புரட்டாசி இரண்டாம் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவாராம், உனக்கு அது சனிக்கிழமை சாயங்காலம்.

அம்மன் உன் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும், நிறைந்த ஆயுசோடு இரு. தலைக்கு எண்ணெய் வை. ஒன்று மட்டும் மறக்காதே, அவர் என் போனில்தான் கூப்பிடுவார், என் நம்பரைப் பார்த்து அம்மா என்று ஆரம்பித்துவிடாதே, எடுத்ததும் அப்பா என்று சொல்.

உன் அம்மா,
செ. பொன்னுத்தாய்