கீறல் இல்லாத அட்டைகள்

மார்ச் 4

கொக்குக்கு,

முப்பது வருஷமாக 'அன்புள்ள' என்று தொடங்கித்தான் உனக்கு எழுதியிருக்கிறேன். இன்றைக்குக் கை வரவில்லை. நலமா என்றும் கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். சனிக்கிழமை கருத்தரங்கு மேடையில் நடு நாற்காலியில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்ததை இருநூறு பேரோடு சேர்ந்து நானும் பார்த்தேன்.

அந்த வழுக்கைத்தலை ஆய்வாளர் நம் அகராதியைத் தூக்கிப் பிடித்து, "இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் வேர்கள்னு இதுல போட்டிருக்கறதுல பதினொண்ணு வேரே இல்லை. பின்னாடி வியாபாரிகளோட ஊர் ஊரா போன கடன் சொற்கள்" என்று ஒவ்வொன்றாகத் தோலுரித்தாரே, அதில் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது சரி. மூன்றாவது சொல்லுக்கு வருவதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. கூசிப் போய் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நீ மைக்கை இழுத்து, "அந்தப் பகுதியைச் செஞ்சது அவங்க. அப்ப அவங்க வீட்ல கொஞ்சம் கஷ்டமான நேரம்" என்றாய். இருநூறு தலையும் என் பக்கம் திரும்பி 'ஐயோ பாவம்' என்று பார்த்தன. நன்றாகக் கைகழுவினாய்.

பத்தொன்பது வருஷமாக நமக்கு ஒரே சட்டம். ஒருத்தி வேரைக் கட்டுவாள், மற்றவள் ஒரு வாரம் அதை உடைக்கப் பார்ப்பாள். உடையாவிட்டால்தான் அதன் தலையில் நட்சத்திரம், அதையும் உடைக்கப் பார்த்தவளே போட வேண்டும். மற்ற அகராதிகளில் அந்த நட்சத்திரத்துக்கு, 'இந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை, எந்த ஏட்டிலும் இல்லை, மகள் மொழிகளை வைத்து ஊகித்தது' என்று மட்டும்தான் பொருள். நம் இருவருக்கும், 'அடித்துப் பார்த்தேன், உடையவில்லை' என்றும் பொருள். அந்தப் பதினொன்றுக்கும் நட்சத்திரம் போட்டது யார் கை?

மறுபதிப்பில் என் பெயரை எடுத்துவிடப் போவதாகப் பதிப்பாசிரியர் போனில் சொல்லிவிட்டார். நட்சத்திரம் உன்னுடையது என்று அவருக்கு எழுது. வேறெதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

குண்டூசி

மார்ச் 11

குண்டூசிக்கு,

விடுதியில் உனக்கு இந்தப் பெயரை வைத்தபோது வேடிக்கைக்கு வைத்தேன். பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேரைக் கட்டியது நீ. முதல் வருஷ மாணவர்களுக்கு நீயே நடத்துகிற பாடத்தை உனக்கே நடத்த வேண்டியிருக்கிறது. சமஸ்கிருதத்தில் பிதர், லத்தீனில் பாதெர், ஆங்கிலத்தில் ஃபாதர். ஆங்கிலம் பிறந்த கிளையில் மட்டும் 'ப' போய் 'ஃப' வந்தது. பாதம், ஃபுட், அங்கேயும் அதே கதை. ஒரு சொல்லில் தற்செயலாக வரவில்லை, சொல்லுக்குச் சொல் வரிசையாக வந்தது. அப்படி வந்தால்தான் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்கிறோம். மிளகுக்கு லத்தீனில் பிபெர், ஆங்கிலத்தில் பெப்பர். 'ப' அசையவே இல்லை. ஏன்? மாற்றமெல்லாம் நடந்து முடிந்த பிறகு மூட்டையோடு வந்து இறங்கிய சொல். இதை நீ சொன்னால் கடைசி பெஞ்சுகூட எழுந்து உட்காருமே!

அப்படிப்பட்டவள், தானியம் அளக்கிற பாத்திரத்துக்கு ஆறு மொழிகளில் சொல் எடுத்து, ஆறிலும் 'ப' அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன ஒற்றுமை என்று பூரித்துப் போய் வேர் கட்டியிருக்கிறாய். ஐயாயிரம் வருஷம் பிரிந்து கிடந்த உடன்பிறப்புகள் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் சந்தேகப்பட வேண்டாமா?

நான் பார்த்தது உன்னுடைய ஆயிரத்து இருநூறு அட்டைகளை. அதில் பதினொன்று கண் தவறியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்காகப் பதிப்பகத்துக்கு வாக்குமூலம் எழுத முடியாது. அடுத்த மாதம் துறைத்தலைவர் பொறுப்பு என்னிடம் வருகிறது என்பது உனக்குத் தெரியாததல்ல. மேடையில் உனக்காகத்தான் பேசினேன். நான் அப்படிச் சொன்ன பிறகுதான் கூட்டம் அடங்கியது. நன்றி சொல்ல வேண்டியவள் சண்டைக்கு வருகிறாய்.

கொக்கு

மார்ச் 19

கொக்குக்கு,

கண் தவறியதா? உனக்கா? போகிற போக்கில் என் கடைச் சிட்டையில்கூடத் திருத்தம் போடுகிறவளுக்கா?

நேற்று நிறுவனத்தின் கீழ்த்தளத்துக்குப் போனேன். அந்த இரும்பு அலமாரியின் மூன்றாவது இழுப்பறை இன்னும் சிக்கிக்கொள்கிறது, உதைத்தால்தான் வருகிறது. என் அட்டைகளையெல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. காவலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உன் கையெழுத்து எல்லா அட்டையிலும் இருக்கிறது. 'இது வேரா, வெங்காயமா?' 'லத்தீன் சாட்சி பொய்ச் சாட்சி, துரத்து.' 'தூங்கி எழுந்து மறுபடி எழுது.' தேறிய அட்டைகளில்கூட நாலு கீறல் உண்டு. படித்துப் படித்துச் சிரித்தேன், உன் மேல் இருந்த கோபத்தையும் மறந்து.

பிறகு அந்தச் செப்டம்பர் பெட்டிக்கு வந்தேன். அறுபத்துமூன்று அட்டை. ஒரு கீறல் இல்லை. ஒரு கேள்விக்குறி இல்லை. டீக் கறைகூட இல்லை. அறுபத்துமூன்று நட்சத்திரமும் ஒரே மொக்கைப் பென்சிலால், தபாலாபீசில் முத்திரை குத்துகிற மாதிரி ஒரே மூச்சில் போட்டது. அது எந்த மாதம் என்று இருவருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்த மாதம்.

நீ அந்தப் பெட்டியைப் படிக்கவே இல்லை. சோம்பேறித்தனம் என்று ஒப்புக்கொள், விட்டுவிடுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

குண்டூசி

மார்ச் 27

குண்டூசிக்கு,

படித்தேன்டி. அறுபத்துமூன்றையும் படித்தேன்.

அந்தப் பெட்டியை வாங்கிப் போக நான் வந்த மத்தியானம் உனக்கு நினைவிருக்காது. நோயாளிக்குச் சாப்பாடு வைக்கிற சக்கர மேஜையில், மாத்திரைக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் நடுவே அட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாய். வலது காலில் ஒரு செருப்பு, இடது காலில் வேறு செருப்பு. "பதினெட்டாம் நம்பர்ல சமஸ்கிருத ஆதாரம் கொஞ்சம் இடிக்குது, நல்லா போட்டு உடைச்சுப் பாரு" என்று என்னிடம் சொன்னாய். உன் வீட்டுக்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போதே பெட்டியைத் திறந்தேன். பதினெட்டு சரியாகத்தான் இருந்தது. பத்தொன்பது கடன் சொல். இருபத்து நாலும் கடன் சொல். வீட்டுக்குப் போய் எண்ணினேன். பதினொன்று.

வழுக்கைத்தலைக்கு நாலு வருஷம் பிடித்தது. எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பதினொன்றையும் அடித்துவிட்டுக் கொண்டு வந்து உன் மடியில் போட்டிருக்க வேண்டும் என்கிறாயா? அன்றைக்கு? பென்சிலை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கடைசியில் எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டுவிட்டேன். அச்சுக்குப் போவதற்கு முன் சத்தமில்லாமல் பதினொன்றையும் உருவிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அவர் போய்விட்டார். வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே நீ அந்த வேர்களை வகுப்பில் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். நாலு மாதத்துக்குப் பிறகு உன் முகத்தில் அன்றைக்குத்தான் உயிர் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். புத்தகமே வந்துவிட்டது.

நீயாக இருந்தால் என் அட்டைகளை அடித்திருப்பாயா? அடித்திருப்பாய். உனக்கு நெஞ்சில் ஈரம் கிடையாது. எனக்கு இருந்தது, அதுதான் நான் செய்த தப்பு.

பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன், நகல் இதனோடு இருக்கிறது. தெரிந்தே விட்டேன் என்று எழுதியிருக்கிறேன். துறைத்தலைவர் பொறுப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது வயிறு குளிர்ந்ததா?

கொக்கு

ஏப்ரல் 6

கொக்குக்கு,

பதிப்பாசிரியர் பேசினார். மறுபதிப்பில் இருவர் பெயரும் இருக்கும், பதினொன்றும் போய்விடும். கேட்டது கிடைத்துவிட்டது. வயிறு குளிரவில்லை.

நீ படிக்கவில்லை என்றே இருந்திருக்கலாம். சோம்பேறியை மன்னிக்கத் தயாராக இருந்தேன்.

அந்த மாதம் என்னிடம் எல்லாரும் பொய் சொன்னார்கள். டாக்டர், "பாக்கலாம்மா" என்றார். நாத்தனார், "நேத்தைக்கு இன்னைக்கு முகம் தெளிவா இருக்கு" என்றாள். நர்ஸ் மெதுவாகப் பேசினாள், குடியிருந்த வீட்டுக்காரம்மா மெதுவாகப் பேசினார். யார் மெதுவாகப் பேசினாலும் பொய் என்று தெரிந்துகொண்டேன். என்னிடம் பொய் சொல்லாத ஒரு ஆள் பாக்கி இருக்கிறாள், அவள் கையில் பெட்டி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நீ கிழித்துத் தோரணம் கட்டி அனுப்புவாய் என்று காத்திருந்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தவள் நான். தேதி தெரியாது, கிழமை தெரியாது. மூளை கழன்றுவிட்டதா என்று எனக்குப் பயம். அவருக்கு அதைவிடப் பயம். தன் உடம்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, "நீ எப்படித் தனியா சமாளிப்பே?" என்பதையே சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டி திரும்பி வந்தது. ஒவ்வொரு அட்டையாக எடுத்து அவருக்குக் காட்டினேன். நட்சத்திரம்தான் கண்ணில் பட்டது, கீறல் இல்லாதது படவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "கொக்கே அறுபத்துமூணையும் ஒத்துக்கிட்டாளா? அப்ப உன் புத்தி நல்லாத்தான் இருக்கு. நான் கவலைப்பட வேண்டாம்." அன்றைக்குப் பகலெல்லாம் நன்றாகத் தூங்கினார். மூன்றாம் நாள் போனார்.

அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் நாலு வருஷம் காலையில் எழுந்தேன், வகுப்புக்குப் போனேன். என் சொந்தக் காலில் நிற்கிறேன் என்று நினைத்தேன். பின்னால் நீ பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். இப்போது ஆயிரத்து இருநூறு அட்டையில் எது நான் சம்பாதித்தது, எது நீ போட்ட பிச்சை என்று எனக்குத் தெரியவில்லை. மீதி எல்லாம் நிஜம் என்று நீ சத்தியம் செய்வாய். மெதுவாகச் செய்வாய்.

அவர் நிம்மதியாகப் போனது உன் பொய்யால். அதை நான் மறுக்க முடியாது, மறுக்கவும் மாட்டேன். அதற்கு உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்ட பிறகு உன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது. அதனால்தான் ஒரு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதாமல் தள்ளிப் போட்டேன்.

நன்றி, கொக்கு. இதற்குப் பதில் போடாதே.

குண்டூசி