சிவப்புத் திரை போட்ட ஓவியம்

தோழி,

பக்கத்து வீட்டுப் பெண் ஓவியம் படிக்கிறாள். நேற்று அவளுடைய பல்கலைக்கழகத்தில் கண்காட்சி என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். காட்சிக்கூடத்துக் கதவைத் திறந்ததும் எண்ணெய்ச் சாயமும் டர்பன்டைனும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. எனக்குக் கால் நகரவில்லை. “என்ன ஆச்சி, மயக்கமா வருது?” என்று பிள்ளை பதறிவிட்டது. மயக்கமெல்லாம் இல்லை. விடுதி அறையில் என் புடவை, தலையணை, சோற்றுத் தட்டு எல்லாவற்றிலும் இந்த வாசனையை ஏற்றி வைத்தவள் நீ. செத்துப்போயும் என்னை விடமாட்டேன் என்கிறாயே என்று கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

உள்ளே எல்லாப் படங்களும் பளிச்சென்று திறந்தே இருந்தன. எதையாவது துணி போட்டு மூடியிருக்கிறார்களா என்று என் கண் பழக்கதோஷத்தில் தேடியது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் புதிதாகத் தொடங்கிய நம் கல்லூரி இன்று கல்யாண மண்டபமாகிவிட்டது. நான் கணக்கு ஆசிரியை, நீ ஓவிய ஆசிரியை. இருவருக்கும் ஒரே அறை. செங்கோட்டையிலிருந்து சென்னைக்குப் போய் ஓவியம் படித்துவிட்டு வந்தவள் என்று உனக்கு ஒரு மிதப்பு உண்டு. எனக்கு அந்த மிதப்பு பிடிக்கும். உன்னிடம் சொன்னால் இன்னும் ஏறிவிடும் என்று சொல்லவில்லை.

அந்த வருஷம் உன் வேலை நிரந்தரமாக வேண்டும். ஆகாவிட்டால் ஊருக்குத் திரும்பி மாமா மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று உன் அப்பா கெடு வைத்திருந்தார். மாமா மகன் கெட்டவர் இல்லை. ஆனால் ஒருமுறை கல்லூரி வாசலில் நின்றுகொண்டு, “கல்யாணத்துக்கு அப்புறம் இந்தச் சாயம் பூசுத வேலையெல்லாம் எதுக்கு?” என்று சிரித்தபடியே கேட்டார். அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை.

இந்த நிலையில்தான் நவீன ஓவியக் கண்காட்சி நடத்துகிறேன் என்று கிளம்பினாய், அதுவும் குற்றாலத்தில் சாரல் சீசன் நேரத்தில். சென்னை நண்பர்களின் படங்கள் மரப்பெட்டிகளில் ரயிலில் வந்து இறங்கின. நூலகத்துக்கென ஒதுக்கியிருந்த அறைக்கு நாமே சுண்ணாம்பு அடித்தோம். சாரலில் சுவர் காயவே மாட்டேன் என்றது. சென்னைக்காரர்களின் படங்களில் சதுரமும் முக்கோணமும்தான் இருந்தன, யாருக்கும் வம்பில்லை. வம்பு உன் படத்தில் இருந்தது.

குற்றாலப் பேரருவியில் பெண்கள் குளிக்கிற பக்கத்தை வரைந்திருந்தாய். ஏழெட்டுப் பெண்களின் முதுகுகள், குனிந்த தலைகள், மேலே இடிந்து விழுகிற வெள்ளைத் தண்ணீர். ஒரு முகம்கூடக் கிடையாது. ஈரப்புடவை ஒட்டிய முதுகுகள் மட்டும்தான்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் கல்லூரிச் செயலாளர் பார்வையிட வந்தார். தென்காசியில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. உன் வேலையை நிரந்தரமாக்க வேண்டிய கை அவருடையதுதான். சதுரங்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே வந்தவர் உன் படத்துக்கு முன்னால் நின்றார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பொம்பளயள் குளிக்கியதயா வரைஞ்சிருக்க? கழத்தும்மா இத.”

“கழத்த மாட்டேன் அண்ணாச்சி” என்றாய்.

பின்னாலிருந்து உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ திரும்பவே இல்லை. அழைப்பிதழில் அச்சான படத்தைக் கழற்றினால் பல்கலைக்கழகத்திலிருந்து விழாவுக்கு வருகிற பேராசிரியர் கேள்வி கேட்பார் என்று அண்ணாச்சிக்கும் தயக்கம் இருந்தது. “அப்ப ஒரு திரையப் போட்டு மூடிருவோம்” என்றார். நீ சண்டைக்கு நிற்பாய் என்று நினைத்தேன். “போடுங்க” என்று மட்டும் சொன்னாய்.

திரைத்துணியை அவரே தன் கடையிலிருந்து அனுப்பினார். கைக்கு அகப்பட்டதில் நல்லதாகப் பார்த்து அனுப்பியிருந்தார். சிவப்புத் துணி, மஞ்சள் கரை, மேலே வளையம் கோத்தது. அண்ணாச்சி செய்த பிழை அது ஒன்றுதான்.

மறுநாள் விடாத சாரல். அருவியில் குளித்துவிட்டு வந்த கூட்டம் மழைக்கு ஒதுங்க உள்ளே வந்தது. ஈரத்தலையும் எண்ணெய் மினுமினுப்புமாகச் சதுரங்களைச் சுற்றிப் பார்த்தார்கள். “என்னலே இது, கட்டடம் கட்ட போட்ட பிளானா?” என்று ஒருவர் கேட்டுக்கொண்டே போனார். கடைசிச் சுவருக்கு வந்ததும் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எதிரே சிவப்புத் திரை. ஒரு அம்மாள் கைகூப்பினாள். அடுத்தவர் செருப்பைக் கழற்றினார். யாரோ பிச்சிப்பூவைத் திரைக்குக் கீழே வைத்தார்கள். எந்தச் சாமி, எந்த ஊர்ச் சாமி என்று யாரும் கேட்கவில்லை. தீபாராதனைக்குத் திரை விலகும் என்று காத்து நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களைப் பார்த்து நின்றார்கள். நாம் இருவரும் ஓரத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது.

அண்ணாச்சி பேராசிரியரோடு உள்ளே வந்தபோது நடக்க இடமில்லை. “நகருங்கய்யா, இங்கன ஒண்ணும் இல்ல” என்றார்.

“ஒண்ணும் இல்லன்னா திரை எதுக்கு அண்ணாச்சி? எப்ப விலக்குவிய?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அண்ணாச்சி உன் பக்கம் வந்து தணிந்த குரலில், “ஏதாவது சொல்லி அனுப்பும்மா. உனக்கும் நல்லது” என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். செங்கோட்டையில் கல்யாணப் பந்தலுக்கு ஆள் சொல்லத் தயாராக இருந்தார்கள்.

“நான் போட்ட திரை இல்லையே அண்ணாச்சி. நீங்களே சொல்லுங்க” என்றாய்.

உன் கை என் கைக்குள் இருந்தது. பனிக்கட்டியாகச் சில்லிட்டு நடுங்கியது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் உன்னைத் திமிர் பிடித்தவள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அண்ணாச்சியின் வீட்டம்மா வந்தார். அவரும் அருவியிலிருந்துதான் வந்திருந்தார், கூந்தல் நுனியில் முடிச்சுப் போட்டு நீர் சொட்டிக்கொண்டிருந்தது. “இந்தா, எத்தன பேரு நிக்காவ. விலக்குனா என்ன?” என்று சொல்லிக்கொண்டே திரையை இழுத்துவிட்டார்.

ஆண்கள் ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடத்தின் மறுபக்கம் போனார்கள். அருவிக்கரையில் பெண்கள் பக்கம் கண் போனால் எப்படி விலகுவார்களோ அப்படியே விலகினார்கள். அண்ணாச்சியும் போய் ஒரு முக்கோணத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். பேராசிரியர் மட்டும் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் முழித்தார். பெண்கள் படத்தை நெருங்கினார்கள்.

வீட்டம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். “அங்கன தண்ணிக்கு அடியில நிக்கும்போது மட்டுந்தான் என்னய ஒருத்தரும் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் கேக்காது. அத எப்படி புள்ள வரைஞ்ச?”

நீ அழுதாய். அதற்கு முன்னும் பின்னும் நீ அழுது நான் பார்த்ததில்லை.

இத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். சீசன் முடிந்தது, உன் வேலை நிரந்தரமாகவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாய். செங்கோட்டைக்கா என்று கேட்காமல் உன் புடவைகளை மடித்துக் கொடுத்தேன். அன்று மத்தியானம் விடுதி வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. வீட்டம்மா இறங்கினார்.

“சொல்லிப் பாத்தேன். அவிய கேக்கல” என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பணத்தை எண்ணிப் பார்க்காமல் உன் கையில் வைத்து அழுத்தினார். “அந்தப் படத்த எனக்குக் குடு. இத வச்சுக்கிட்டு மெட்ராசுக்குப் போ.”

“வீட்டுல எங்கன மாட்டுவிய?” என்று கேட்டாய்.

“நடுக்கூடத்துலதான். அவிய தினமும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு கடைக்குப் போகட்டும்.”

அன்று மாலை தென்காசி நிலையத்தில் உன்னைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டேன். சன்னல் வழியாக, “ஏட்டி, நீ ஏன் அழுத? நான்லா வேலை போனவ” என்று என்னைக் கேலி செய்தாய். பிறகு நீ வரைந்தாய், பட்டினி கிடந்தாய், மறுபடியும் வரைந்தாய். மாமா மகனுக்கு வேறு பெண் கிடைத்தது. எனக்குக் கல்யாணமாயிற்று. நம் பேச்சு பொங்கல் வாழ்த்தாகச் சுருங்கிப்போனது.

என் மகள் இருபது வயதில் தனியாக டெல்லிக்குப் போய்ப் படிக்கிறேன் என்றாள். வீடே கூடி நின்று வேண்டாம் என்றது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அப்போது என் கை சில்லிட்டு நடுங்கியதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். அதுவரை தைரியசாலிகளுக்குக் கை நடுங்காது என்றுதான் நினைத்திருந்தேன், உன் கையைப் பிடித்து நின்ற பிறகும்கூட. கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, “அவ போகட்டும்” என்றேன்.

போனாள்.