தொய்வாய் இருந்த வலை

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தைக்குக் கண் மருந்து தவறாமல் விடுகிறீர்களா?

நான் துணி துவைக்கும் விடுதியில், பெண்கள் உலக லக்ரோஸ் போட்டிக்கு வந்த ஓர் அணி தங்கியிருக்கிறது. நுனியில் வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம். சலவை அறையில் மூன்று கோல்களை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வலை நம் வீட்டு நாடாக்கட்டில் மாதிரி தொய்ந்து கிடந்தது. என் கை சும்மா இருக்குமா? மூன்றையும் விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டேன்.

மறுநாள் பயிற்சியில் ஒரு பந்துகூட வலையில் நிற்கவில்லையாம். அணித்தலைவி கோல்களோடு வந்து நின்றாள், அவளும் தமிழ்ப் பெண்தான். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"பந்து உட்காரத்தானேக்கா தொய்வா விட்டிருக்கோம்! என்ன முடிச்சு இது, எங்களால அவிழ்க்கவே முடியலை" என்று சிரித்தாள். மேற்பார்வையாளரிடம் மூச்சுக்கூட விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு தொய்வு வேண்டும் என்று காட்டினாள். சாயங்காலம் ஜெயித்ததும் ஏப்ரனோடு என்னை இழுத்துக்கொண்டு போய்ப் படத்தில் நடுவில் நிறுத்தினார்கள். இப்படி மனுஷர்கள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

மிஷின் நின்றுவிட்டது, ஓட வேண்டும். பாப்பாவுக்கு ஷூ வாங்கப் போகிறேன். அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள். ஒரு பாதம் போதும் என்கிறார் கடைக்காரர். நீங்கள் இரண்டையும் வரையுங்கள்.

பாப்பாவின் அம்மா