போன் என் கையில்தான் இருக்கும்

நவம்பர் 4, திங்கள்

நான் செய்து விற்கும் கிறிஸ்துமஸ் கேக்குக்கு இப்போதே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், இரண்டும் போனில் வந்தவை. திராட்சையை ஊறப்போட்டேன். போனின் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்காரர் ஸ்டெபினிடம் காட்டினேன். "பேட்டரி லேசா உப்பியிருக்குது. இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று மூடியை அழுத்தி, ரப்பர் பேண்டு மாட்டிக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 7, வியாழன்

இடது கையால் தாளைப் பிடிக்க முடியவில்லை, எழுத்து கோணுகிறது.

மதியம் போனைக் கட்டிலில் சார்ஜ் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். பக்கத்தில் மகள் ஷீனா தூங்கிக்கொண்டிருந்தாள். உஸ்ஸென்று சத்தம். ஓடிவந்தால் வெள்ளைப் புகை, தலையணை எரிகிறது. பிள்ளையை இழுக்கும்போது மணிக்கட்டில் தீ பட்டது. அவளை வெளியே விட்டு, மெயினை அணைத்து, வாசலில் கிடந்த மணலை அள்ளி அள்ளிக் கொட்டினேன்.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. மூணு வயசு — நான் இன்னும் கொஞ்சம் அடுப்படியிலேயே நின்னிருந்தா?

நவம்பர் 8

கட்டுப் போட்ட நர்ஸ், பக்கத்து வீட்டு சாந்தி, பங்குக் கோயில் ஆட்கள் — எல்லோருக்கும் ஒரே கேள்வி. "போன்ல பேசிட்டே இருந்தியா?" இல்லை. பேசவே இல்லை. ஒருத்தரும் நம்பியதாகத் தெரியவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது மாமா, ஸ்டெபினின் அப்பா, சொன்னார். எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் ரைட்டர் அல்லவா, வீட்டிலும் உத்தரவுதான். "இனிமே இந்த ஊட்டுல பொம்பளைங்களுக்குப் போன் வேண்டாம். கேக்கு வேணுங்கறவங்க ஊட்டுக்கே வரட்டும்."

ஸ்டெபின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேச்சால எரியலீங்க மாமா. உப்புன பேட்டரிய அழுத்திக் கட்டி, மெத்தை மேல சார்ஜ் போட்டதால எரிஞ்சுது. ஆம்பளை கையில இருந்தாலும் எரிஞ்சிருக்குமுங்க."

"எதுத்துப் பேசறயா?"

"நடந்ததச் சொல்றேனுங்க."

ஷீனாவுக்கு அடுத்த வாய் ஊட்டினேன்.

நவம்பர் 11

ரப்பர் பேண்டு மாட்டியது யார் என்று நான் சொல்லவில்லை. அவராகச் சொல்லட்டும். சொல்வாரா?

நவம்பர் 14, வியாழன்

எங்கள் ஊர் வெள்ளக்கடையிலிருந்து பஸ் ஏறி, டவுனில் ஒண்டிக்கடை நிறுத்தம் போய்ப் புதுப் போன் வாங்கினேன். என் கேக்குக் காசு. யாரக் கேக்கோணும்?

கடைக்கார விஜயகுமாரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டேன். கூட வந்த சார்ஜரையே போட வேண்டும். மெத்தை, துணி மேல் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. கைக்குச் சூடு தாங்கவில்லையென்றால் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். உப்பினால் அன்றோடு நிறுத்த வேண்டும், அழுத்தவோ குத்தவோ கூடாது. "குப்பையில போட்டுறாதீங்க. இங்க கொண்டாந்து குடுத்துருங்க" என்றார்.

முன்னறையில் வெறும் தரையில், எல்லோரும் பார்க்கச் சார்ஜ் போட்டேன். ஒளிச்சு வெக்க நான் என்ன திருடியா வந்தேன்?

நவம்பர் 19, செவ்வாய்

மாமா சார்ஜரைப் பிடுங்கினார். மாட்டினேன். மறுபடி பிடுங்கினார். மறுபடி மாட்டினேன்.

ஸ்டெபின் எழுந்து வந்தார். "அப்பா, ரப்பர் பேண்டு மாட்டிக் குடுத்தது நானு. அவ காட்டத்தான் செஞ்சா, நாந்தான் கண்டுக்கல. உட்டுருங்க."

மாமா வெளியே போய்விட்டார். எனக்குக் கோபம் தீரவில்லை. இத்தனை நாள் இந்த வாய் எங்க போச்சு? பாய்மேல் முதுகைக் காட்டித்தான் படுத்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

கேக் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன். எஸ்டேட் ஆபீஸிலிருந்து மாமா.

"கண்ணு, என்ற போனு தண்ணித் தொட்டில உழுந்துருச்சு. எடுத்துத் தொடச்சுட்டேன். சார்ஜ் போட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாங்க மாமா. அணைச்சு அப்படியே வெச்சிருங்க. கடையில காட்டிட்டு அப்பறம் பாக்கலாம்."

"செரி சாமி."

என் நம்பரை யாரிடம் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.