முன்னால் தள்ளிய நாற்பது நிமிஷம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது, (சொல்வதுதான் அப்பா, எழுதுவது உன் தங்கச்சி. அடைப்புக்குள்ள வர்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு.) கர்த்தர் கிருபையால் இங்கே மூன்று பேரும் சுகம். உன் சுகத்தை மூன்று வருஷமாக உன் அம்மாவின் போன் பேச்சை ஒட்டுக்கேட்டே தெரிந்துகொள்கிறேன், இனி உன்னிடமே கேட்கலாம் என்றுதான் இந்தக் கடிதம். போன வெள்ளிக்கிழமை இடது கண்ணில் புரை எடுத்தார்கள், கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாதாம், கடிகாரக் கடை பூட்டிக் கிடக்கிறது. (ஒரு கண்ணை மூடிக்கிட்டு கடற்கொள்ளைக்காரர் மாதிரி வீட்டைச் சுத்தி வர்றார். சொன்னேன், முறைச்சார். பாதி முறைப்புதான் வந்தது.)

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று இவள் என் எதிரே வந்து உட்கார்ந்து, மூன்று வருஷத்துக்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயக் கடிகாரத்தை நாற்பது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தது தான்தான் என்று சொன்னாள். (பிரசங்கம் சீக்கிரம் முடியணும்னு செஞ்சேன் அண்ணா, அவ்வளவுதான். போதகர் பதறிப்போய் அப்பமும் ரசமும் தர்ற திருவிருந்துகூட இல்லாம ஆசீர்வாதம் சொல்லி எல்லாரையும் அனுப்பிட்டார்.) சனிக்கிழமைதோறும் அதற்குச் சாவி கொடுத்தவன் நீ. வாசலில் நாலு பேர், கடிகாரக்காரர் வீட்டுக்கே நேரம் சரியில்லையா என்று சிரித்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறி, இருபத்திரண்டு வயசுப் பிள்ளையைச் சபை பார்க்க அறைந்தேன். அடுத்த மாதமே நீ தூரதேச வேலைக்குப் போய்விட்டாய். (கடிகாரத்துக்குக் கீழ நாற்காலி மேல என் செருப்புத் தடத்தைப் பார்த்தே, என்னையும் பார்த்தே, ஆனா காட்டிக்கொடுக்கல. எல்லாம் என் நேரம்னு சொல்லித் தப்பிக்கலாம், ஆனா நேரத்தை மாத்தினதே நான்தானே. என்னை மன்னிச்சிடு அண்ணா.)

அன்றிலிருந்து நான் திருவிருந்துக்கு எழுந்து போனதில்லை. முழங்கால் வலி என்று சொல்லி பெஞ்சிலேயே இருந்துவிடுவேன். பெற்ற பிள்ளை மனசில் என்மேல் வருத்தம் இருக்கும்போது எந்த முகத்தோடு பீடத்தண்டை போய் நிற்பேன்? (பஸ்ஸைப் பிடிக்க மட்டும் முழங்கால் நல்லா ஓடுதேன்னு போன ஞாயிறு கிண்டல் பண்ணேன், அப்பதான் இதைச் சொன்னார். ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல, அதனாலதான் நேத்து போய் ஒத்துக்கிட்டேன்.) நீ குற்றமில்லாதவன் என்று தெரிந்ததால் இப்போது கேட்கிறேன் என்று நினைக்காதே, நீயே செய்திருந்தாலும் அந்த அறை தப்புதான், அது அன்றைக்கே எனக்குத் தெரியும். அப்பன் போய் பிள்ளையிடம் கேட்பதா என்கிற வீம்பு. கர்த்தரிடம் தினமும் மன்னிப்புக் கேட்டேன், அது சுலபமாக இருந்தது, கன்னம் சிவந்து என் முன்னால் நின்றது அவர் இல்லையே. என்னை மன்னித்துவிடு மகனே. (இந்த ஒரு வரிக்கு ரெண்டு தடவை எழுந்து போய் தண்ணி குடிச்சார்.) வரும் ஞாயிறு சபை நடுவில் எழுந்து இதையே சொல்லப்போகிறேன். அறைந்தது எல்லாரும் பார்க்க, மன்னிப்பை மட்டும் உறைக்குள் போட்டு ஒட்டினால் ஆகாது. (பக்கத்துல நானும் நிப்பேன். யாரும் சொல்லல, நானாத்தான் கேட்டேன்.)

(இங்கே ஒரு வரி அடிச்சிருக்கு பார். உன் பதில் வரும்வரை திருவிருந்துக்குப் போகமாட்டேன்னு எழுதச் சொன்னார், எழுதினதும் அடிக்கச் சொன்னார். பிள்ளை கழுத்தில கயிறு போட்டு இழுக்கிற மாதிரி இருக்காம்.) உனக்கு மனசு வரும்போது எழுது, வராவிட்டாலும் நீ என் பிள்ளைதான். குளிரில் காதை மூடிக்கொள்ள மறக்காதே, அம்மா சொல்லச் சொன்னாள். நீ போகும் தெருவெல்லாம் கர்த்தர் உன்னோடு நடக்கட்டும்.

இப்படிக்கு,

(பேனாவைப் பிடுங்கிட்டார். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன், ஒரே ஒரு சொல்தானேன்னார். கோணலா இருந்தா கண்டுக்காதே.)

அப்பா