பிசாசு கடைசியில்தான் வருகிறது

பந்திங்,
4 ஆகஸ்ட் 2025

என் அன்பு மலர் அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் கிள்ளானில் அம்மாவும் சுகமென்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் இதற்குள் திட்டி எழுதியிருப்பாய்.

போனை எல்லாரும் இல்லத்தை நடத்தும் ஐயாவிடம் கொடுத்துவிட்டோம். அதனால் கோபித்துக்கொள்ளாமல் கடிதமே எழுது. இந்த இல்லத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் சாயங்காலம் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிப்பது வழக்கம். ஒளிவுமறைவு கூடாது என்பார் ஐயா. நாம் எழுதி அனுப்புவதை யாரும் பார்ப்பதில்லை. அவரைப் போல அன்பான மனிதரை நான் கண்டதில்லை அக்கா. வாசிக்கிற வேலையை இப்போது எனக்கே கொடுத்திருக்கிறார்.

"எப்போது வீட்டுக்கு வருவாய்" என்று மட்டும் எழுதாதே. சினிமா எழுது. நாம் சேர்ந்து பார்த்த பேய்ப் படங்களைப் பற்றிச் சொன்னேன். ஐயாவே சிரித்துவிட்டு, "அக்காவ எழுதச் சொல்லு லா, எல்லாரும் கேப்போம்" என்றார்.

உன் தம்பி,
ஜீவன்

பிரிக்பீல்ட்ஸ்,
17 ஆகஸ்ட் 2025

தம்பி ஜீவனுக்கும், சுற்றி உட்கார்ந்து கேட்கிற எல்லாருக்கும் மலரின் வணக்கம்.

ஐயாவுக்குத் தனியாக இன்னொன்று. என்ன கூத்துடா இது, உனக்கு எழுத உட்கார்ந்தால் மைக் முன்னால் நிற்பதுபோல் இருக்கிறது!

சரி, சினிமா. இப்போது ஒரு பேய்ப் படத்துக்கு மலாய் சப்டைட்டில் போடுகிறேன். எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஓரம் ஒரு வீடு, அதில் ஒரு கூட்டம், அங்கே போய்ச் சேரும் ஒரு பெண். இந்த மாதிரிப் படமென்றால் கறுப்பு அங்கி, கத்தி, ஆட்டு ரத்தம் என்றுதானே பார்த்துச் சிரித்திருக்கிறோம்? இதில் அதெல்லாம் இல்லை. வந்த அன்றே அவளுக்குப் பிடித்த நெத்திலி சம்பல் தட்டில் இருக்கிறது. "ரெஸ்ட் எடும்மா" என்று போனை வாங்கி வைக்கிறார்கள். ஒருநாள் அவள், அம்மாவைப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்கிறாள். யாரும் கோபப்படவில்லை. எல்லாரும் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொள்கிறார்கள். அவள் அழுகிறாள். கேட்ட கேள்வி அதோடு போய்விடுகிறது. எனக்கு அங்கேதான் உடம்பு சிலிர்த்தது. பிசாசு கடைசியில்தான் வருகிறது. அது வராமலே இருந்திருக்கலாம். அந்த டைரக்டருக்குக் கோயில் கட்டலாம், அப்படி எடுத்திருக்கிறார். எந்த வீட்டுக்குள் இருந்து பார்த்தாரோ!

தீபாவளிக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கும் ஓப்பன் ஹவுசுக்கு அம்மா உன்னை எதிர்பார்க்கிறார். எழுதாதே என்றாய், எழுதிவிட்டேன், போடா.

உன் அக்கா,
மலர்

பந்திங்,
2 செப்டம்பர் 2025

அன்பு அக்காவுக்கு,

உன்மேல் எனக்கு வருத்தம். எங்களைக் குத்தித்தான் எழுதினாய் என்பது எனக்குத் தெரியாதா? கட்டிக்கொள்ளும் இடத்தை வாசிக்காமல் தாண்டிவிட்டேன். ஆனாலும் எல்லாரும் ரசித்தார்கள். சமையல் பார்க்கும் தனலெட்சுமி அக்கா மட்டும், "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனாளா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உன் படம் தப்பு என்று காட்டத்தான் ஐயாவிடம் போனேன். தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. எல்லாரையும் கூப்பிட்டார். வந்து கட்டிக்கொண்டார்கள். சத்தியமாக நன்றாக இருந்தது அக்கா, அழுதுவிட்டேன். மறுநாள் தட்டுக் கழுவும்போதுதான், போகலாமா கூடாதா என்று அவர் சொல்லவே இல்லை என்பது உறைத்தது.

அந்தப் பெண் எப்படி வெளியே வந்தாள்? எழுது.

ஜீவன்

பிரிக்பீல்ட்ஸ்,
15 செப்டம்பர் 2025

என் தங்கத் தம்பிக்கு,

கெட்டிக்காரன்டா நீ! பதில் வரவில்லை என்று நீயே கண்டுபிடித்தாயே, அந்த டைரக்டரைவிட உன்னைத்தான் மெச்சத் தோன்றுகிறது.

படத்தில் அவள் வீட்டைக் கொளுத்திவிட்டு, பிசாசைக் கொன்று, ரத்தத்தோடு ஓடுகிறாள். அங்கே மட்டும் மனுஷன் சறுக்கிவிட்டார். கிள்ளான் பக்கம் காப்பாரில் இப்படி ஒரு கூட்டத்தை விட்டு வந்த வீரம்மா என்பவரைத் தேடிப்போய்ப் பேசினேன். "வாசல் கேட்ட யாரும் பூட்டல மலரு. ஒரு பிளாஸ்டிக் பையோட நடந்து வந்தேன். ஆனா அங்க இருந்தவங்க மேல அவ்ளோ பாசம். அத விட்டுட்டு வரத்தான் வருஷக்கணக்கா ஆச்சு" என்றார். பிசாசிடமிருந்து ஓடுவது சுலபம். உன்னைக் கட்டிக்கொண்டவர்களை விட்டு வருவது கஷ்டம் என்று இப்போதுதான் எனக்கும் புரிகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு காலையில் பந்திங் பஸ் ஸ்டேஷன் ஓரம் காரோடு இருப்பேன். வந்தால் வா. வராவிட்டால் அடுத்த ஞாயிறும் இருப்பேன். இந்தக் கடிதத்தைத் தாண்டாமல் வாசி. ஐயாவும் கேட்கட்டும்.

மலர்

பந்திங்,
4 அக்டோபர் 2025

அக்கா,

ஒரு வரி விடாமல் வாசித்தேன். ஐயா சிரித்த முகத்தோடே, "நம்ம வாசல் கேட்டும் பூட்டல லா. போறவங்க போகலாம்" என்றார்.

அன்றிலிருந்து யாரும் என்னிடம் பேசுவதில்லை. வாசிக்கிற வேலையும் போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகிறார். இது உன் படத்தில் இல்லையே! டைரக்டரிடம் சொல், அடுத்ததில் வைக்கட்டும். கிண்டலாக எழுதுகிறேனே தவிர, அழுகை அழுகையாக வருகிறது. என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்கள் இவர்கள்.

எனக்குத் தைரியம் போதவில்லை, நீ வர வேண்டாம் என்று எழுதத்தான் இருந்தேன். நேற்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தனலெட்சுமி அக்கா பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "தம்பி, ஒங்கக்கா கார்ல இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமா?"

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போது இந்தக் கடிதத்தையும் அவர்தான் தபாலில் போடுகிறார். அவருக்கு முட்டி வலி அதிகம். முன் சீட்டைக் காலியாக வை. நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் தம்பி,
ஜீவன்